கொள்ளிவாய் பூட்டிய வண்டில்

எருமைகள் எட்டுக்கும் கொம்பு, நண்டுக்கால்.
விலா, பாலைமீன் முள்.
மூன்று நாள் வெயிலில் காயவைத்தும் மணம் போகவில்லை.
டச்பார்ப் பூனைகள் அத்தனையும்
சன்னலில் குந்தியிருந்து
எங்கள் படப்பிடிப்பைப் பார்த்தன.

ஒன்பதாவதாக, எல்லாவற்றுக்கும் முன்னால்,
கொள்ளிவாய்ப் பேயைப் பூட்டலாமென்றது நான்தான்.
இருட்டில் வழி தெரிய வேண்டுமே.
மெர்வின் றொசைரோ சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தான்.
பிறகு புளியங்கொட்டையளவு தலைக்குள்
சிவப்பு மின்குமிழ் ஒன்றைச் செருகினான்.

பனிக்கு ரெஜிபோம் உரசிப் பார்த்தோம்;
காற்றாடிக்குப் பறந்தது.
மாமாங்கத்தில் வாங்கிய திருநீறு சரிவந்தது.
‘உன்ர பக்கத்துப் பனிதான் நிக்குது, சுலோ’ என்றான்.

நத்தார் தாத்தாவுக்கு வயிறில்லை.
களிமண் போதவில்லை, அவ்வளவுதான்.
பிறகு அதற்கொரு கதை கட்டினோம்:
கொடுத்துக் கொடுத்தே கரைந்துபோனவர்.
இப்போது நடுச்சாமத்தில் கதவு தட்டிக் கேட்டு வருகிறார்,
போன வருசச் சட்டையை,
கால் நுழையாத சப்பாத்தை.
அங்கே அவரிடம் இருக்கிற பிள்ளைகள்
வளருவதில்லையாம்.

ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம்.
ஒரு கை தட்டி முடிவதற்குள்
தேத்தண்ணி இரண்டுதரம் ஆறும்.

கடல் வேண்டியிருந்தது.
மெர்வினின் அம்மா எதையும் எறியமாட்டா.
கட்டிலுக்கடியில் மடித்துக் கிடந்த நீலத் தறப்பாளில்
ஒரு முழம் வெட்டினோம்.
தந்த நிறுவனத்தின் பெயர்
பாதி அழிந்திருந்தது. பாதியைக் கீழே திருப்பினோம்.

பாதர் முதலே கேட்டிருந்தார்,
‘பேய் கூடவா?’
‘கொஞ்சம்தான், பாதர்.’

இருபத்துமூன்றாம் திகதி, பங்கு மண்டபம், வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
எலும்பெருமைகள் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.
கொள்ளிவாய் எரிந்தபோது
‘இன்னொருக்கா!’ என்றான் ஒருவன்.
வயிறில்லாத தாத்தா என் குரலில்
‘பழசு ஏதும் கிடக்காகா?’ என்று கேட்க
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு தறப்பாள் அசைந்தது.
நாலு செக்கன். நாற்பத்தெட்டுப் படம்.
அது முதலில் பின்னுக்குப் போனது.
நாங்கள் பேசி வைத்ததல்ல,
மெர்வினின் விரல்
அப்படித்தான் இழுத்திருந்தது.

பின்வரிசையில் கதிரைகள் உரசின.
யாரும் கத்தவில்லை.
வலை முடிகிற சவிரியான் அண்ணை எழும்பி
பக்கத்துப் பிள்ளையைத் தூக்கினார்.
அது அவருடைய பிள்ளையல்ல.
வாசல்வரை ஓடி,
வெளியே தூறலைப் பார்த்து
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு இறக்கிவிட்டார்.
அது ஓடிவந்து
மிச்சத்தைப் பார்த்தது.

அன்றிரவே நாலு செக்கனையும் வெட்டினோம்.
இரண்டு இரவு வேலை, ஒரு பொத்தான்.

அடுத்த நாள் மீண்டும் போட்டோம்.
முன்வரிசையிலிருந்த ஒருத்தி, முதல் நாளும் வந்தவள்,
‘அப்ப வண்டில் எங்கயிருந்து வாறது?’ என்றாள்.
மெர்வின் என்னைப் பார்த்தான்.
நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மண்டபம் பூட்டும்போது
கதவடியில் ஒரு சொப்பிங் பை.
ஒரு சோடி சப்பாத்து, ஐந்து வயதுக்கு இருக்கும்.
உள்ளே அடைத்த கடதாசி எடுபடவில்லை.
அடியில் மண் ஒட்டவில்லை.
தோல் மட்டும் பழசாகி வெடித்திருந்தது.

யார் வைத்தது என்று இருவரும் கேட்கவில்லை.
அறைக்குக் கொண்டுவந்தோம்.
மெர்வின் அதை வண்டிலில் ஏற்றப் பார்த்தான்.
வண்டில் உள்ளங்கையளவு.
முன்னெருமை இரண்டும்
மீன்முள்ளாய் முறிந்தன.
கொள்ளிவாய் மட்டும்
எரிந்தபடி கிடந்தது,
பற்றரி முடியும்வரை.